உழவும் அகிம்சையும்: நிலைபேறுடைய வேளாண்மை கற்போம்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை என்பதை நாம் அனைவரும் அறிவோம். துறவியர் காக்கும் அளவிற்கு இல்லறத்தார் அதனைக் காத்தல் இயலாது. ஆதலின் ஆன்றோர் இம்சையை நால்வகையாகப் பகுத்துக் காட்டினர். கருதிச் செய்வது சங்கல்பி. அடுப்பு, உரல், துடைப்பம் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்குதல் வேண்டும். ஏனையவை தவிர்க்க இயலாத அளவிற்கு மட்டுமே பொறுக்கப்படுகின்றன.

உழவு மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் உழவும் ஒன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் குடும்பங்களுட் பல வழிவழியாக உழுதுண்டு வாழ்ந்தவை. ஆயினும் நம் நெஞ்சில் ஒரு வினா எழுதல் வேண்டும். "தவிர்க்க இயலாதது" என்று நாம் சொல்லும் இம்சையின் எல்லையை வகுப்பவர் யார்? வேறு வழி அறியாதவனுக்குத் தவிர்க்க இயலாததாய்த் தோன்றுவது, வழி அறிந்தவனுக்கு எளிதில் தவிர்க்கக் கூடியதாகலாம். அறிவு வளருந்தோறும் அந்த எல்லை சுருங்குகிறது. ஆகவே, தீங்கு குறைந்த வேளாண்மையைக் கற்பதும் விரதங் காத்தலின் ஒரு கூறே ஆகும். இக்கருத்தை மனத்திற் கொண்டு, உலகின் பல நாடுகளில் இன்று பயிலப்படும் ஒரு வேளாண் கல்வியை இவ்விதழில் அறிமுகம் செய்கிறோம்.

தோன்றிய வரலாறு

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தீவு டாஸ்மேனியா. அங்கு 1928இல் பிறந்த பில் மோலிசன் மீனவராகவும், காட்டுயிர் ஆய்வுப் பணியாளராகவும், பின்னர்ப் பல்கலைக்கழக ஆசிரியராகவும் வாழ்ந்தவர். எவரும் உழாமல், எருவிடாமல், மருந்து தெளிக்காமல் காடு ஆண்டுதோறும் செழித்திருப்பதை அவர் கண்டார். காட்டின் அமைப்பைப் பின்பற்றி மனிதர்க்கு உணவளிக்கும் தோட்டங்களை ஏன் அமைத்தல் கூடாது என்று எண்ணினார். 1974இல் டேவிட் ஹோம்கிரன் என்னும் இளம் மாணவர் அவருடன் சேர்ந்தார். இருவரும் எழுதிய முதல் நூல் 1978இல் வெளிவந்தது. 'நிலையான' என்னும் பொருள் தரும் சொல்லையும் 'வேளாண்மை' என்னும் சொல்லையும் இணைத்து, 'பெர்மாகல்சர்' என்று இம்முறைக்குப் பெயரிட்டனர். நாம் இதனை நிலைபேறுடைய வேளாண்மை எனலாம்.

மோலிசன் 1987இல் நம் நாட்டிற்கும் வந்து பயிற்சி அளித்தார். 2016இல் மறைந்தார். அடுத்த ஆண்டே இத்துறையினரின் உலக மாநாடு ஐதராபாத்தில் கூடியது. 72 மணி நேரப் பாடத்திட்டம் ஒன்று இக்கல்விக்கு அடிப்படையாக உலகெங்கும் வழங்குகிறது. அதன் முடிவில் கற்போர் ஒவ்வொருவரும் ஒரு நிலத்திற்கு வரைபடம் வரைந்து விளக்குதல் வேண்டும்.

மூன்று அறங்கள்

இக்கல்வி முதலில் மூன்று அறங்களைக் கூறிய பின்னரே மண்வெட்டியைக் கையில் தருகிறது. நிலத்தைப் பேணுதல், மக்களைப் பேணுதல், தன் தேவைக்கு எல்லை வகுத்து மிகுந்ததைப் பகிர்தல் என்பன அவை. இம்மூன்றையும் காணும் சமண அன்பர்க்குக் கொல்லாமையும், தானமும், மிகுபொருள் விரும்பாமையும் நினைவுக்கு வருதல் இயல்பே. அவர்கள் நம் நூல்களிலிருந்து இவற்றைப் பெற்றனர் என்று நாம் கூறவில்லை. இயற்கையை ஊன்றி நோக்கிய அறிவும் அறநூல் வழி வந்த அறிவும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதே நாம் கூறுவது. உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாய் வாழ்வன என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்து, இவ்வேளாண்மையில் செயல் வடிவம் பெறுவதைக் காணலாம்.

முதற்பாடம்: காணுதல்

புதிதாகக் கற்போர்க்குக் கூறப்படும் முதல் அறிவுரை, விரைந்து எதனையும் செய்யாதே என்பதாகும். இயலுமாயின் ஓராண்டுக் காலம் நிலத்தை நோக்குதல் வேண்டும். மழைநீர் எவ்வழி ஓடுகிறது? கோடையில் எத்திசைக் காற்று சுடுகிறது? நிழல் எங்கு விழுகிறது? எந்தக் களை தானே முளைக்கிறது? இவற்றைக் குறித்த பின்னரே திட்டம் வரைதல் வேண்டும். நோக்காது செய்த செயலின் விளைவிற்கு நம் ஊர்ப்புறங்களில் காடாய் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமே சான்று. விறகுக்கு உதவும் என்று பரப்பப்பட்ட அம்மரம் பின்னர் ஏரிகளையும் தரிசுகளையும் பற்றிக்கொண்டது.

அடுத்து, நிலத்தை வட்டங்களாகப் பகுப்பர். வீடு நடுவிடம். அன்றாடம் பறிக்கும் கீரையும் கறிவேப்பிலையும் அடுக்களையை ஒட்டிய முதல் வட்டம். வாழை, எலுமிச்சை, முருங்கை முதலியன இரண்டாவது. நெல், கேழ்வரகு, மணிலா முதலிய வயற்பயிர் மூன்றாவது. விறகும் தீவனமும் தரும் மரங்கள் நான்காவது. ஐந்தாவது வட்டம் மனிதன் கைவையாது இயற்கைக்கே விட்டுவிடும் பகுதியாகும். நால்வகைத் தானங்களுள் அபயதானமும் ஒன்றன்றோ? நிலத்தில் ஒரு மூலையைப் பறவைக்கும் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சாது வாழ விட்டுவைத்தல், உழவன் செய்யத்தக்க அபயதானம் ஆகும்.

இரண்டாம் பாடம்: நீர்

ஓடும் நீரை நடக்கச் செய். நடக்கும் நீரை நிற்கச் செய். நிற்கும் நீரை மண்ணுள் இறங்கச் செய் என்பது நீர்ப்பாடத்தின் சுருக்கம். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆண்டில் 1000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், 100 சதுர மீட்டர்க் கூரையின் மீது 1,00,000 லிட்டர் நீர் விழுகிறது. அதனைத் தெருவில் ஓடவிட்டு, பின் ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது அறிவுடைமை ஆகாது.

சரிந்த நிலத்தில் சமமட்டக் கோட்டின் வழியே ஆழமற்ற வாய்க்கால் எடுத்து, அம்மண்ணைக் கீழ்ப்புறம் வரப்பாக இட்டு, வரப்பில் மரம் நடுவர். சமமட்டம் காண எளிய கருவி ஒன்று போதும். ஆறடி நீளமுள்ள இரு கழிகளின் மேல்முனைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி, நடுவே குறுக்குக் கழி ஒன்றைப் பிணித்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுக. இரு கால்களும் ஊன்றிய இடங்களைக் குறித்துக்கொண்டு, குறுக்குக் கழியில் கயிறு படும் இடத்தைக் குறிக்க. பின்னர்க் கால்களை இடம் மாற்றி ஊன்றி மீண்டும் குறிக்க. இரு குறிகளுக்கும் நடுவிடமே சமமட்டக் குறி. அதில் கயிறு படியுமாறு கருவியை நடத்திச் சென்றால் சமமட்டக் கோடு கிடைக்கும். பெருமழையில் மிகும் நீர் வழிந்து செல்ல ஓரிடம் அமைத்தல் மறவற்க. ஏரிக்குக் கலிங்கு அமைத்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

மண்ணை அகழ்வதும் இம்சை அன்றோ என்று அன்பர் வினவலாம். பயனின்றி நிலத்தை அகழ்தலும், நீரை இறைத்தலும், தீ மூட்டலும், செடிகொடிகளை வெட்டலும் அநர்த்ததண்டம் என நம் ஆசாரநூல்கள் விலக்குகின்றன. இங்கோ, நன்கு ஆராய்ந்து ஒருமுறை அகழ்வதால், ஆண்டுதோறும் அகழும் பல அகழ்வுகள் இல்லாமற் போகின்றன.

மூன்றாம் பாடம்: மண்ணும் மூடாக்கும்

காட்டில் வெறுமண் காண்பது அரிது. உதிர்ந்த சருகு மண்ணை மூடியிருக்கும். அதுபோல் வைக்கோல், சருகு, களை ஆகியவற்றைக் கொண்டு மண்ணை மூடுதல் மூடாக்கு எனப்படும். ஈரம் காயாது, களை குறையும், மண்புழு பெருகும், மீண்டும் மீண்டும் உழவேண்டிய தேவை குறையும். அறுவடைக்குப் பின் தாளை எரிக்கும் வழக்கத்தில், அவ்வயலில் ஒதுங்கிய எண்ணிறந்த சிற்றுயிர்கள் வெந்து மடிகின்றன. அத்தாளே மூடாக்கு ஆகும்போது அவை வாழ்கின்றன, மண்ணும் வாழ்கிறது.

உயிர்கள் பெருகினால் மிதிபட்டு மடிவனவும் பெருகுமே என்பது சிலர் ஐயம். இம்சையின் வேர் மடி என்னும் கருத்தின்மையில் உள்ளது என நம் ஆன்றோர் தெளிவுறுத்தியுள்ளனர். உயிரற்ற நிலத்தை ஆக்கி அதில் அச்சமின்றி நடப்பது அகிம்சை ஆகாது. உயிர் நிறைந்த நிலத்தில் பார்த்து நடப்பதே அகிம்சையாகும். இதற்கென வகுத்த நடைபாதையும், மிதியாத பாத்திகளும் இம்முறையின் உறுப்புகளே.

நான்காம் பாடம்: பூச்சிகள்

நம் மனத்தை மிகவும் உறுத்த வேண்டியது பூச்சிக்கொல்லி. பெயரிலேயே கொலையைத் தாங்கிய அப்பொருளைத் தெளிப்பவர், "பயிரைக் காக்கவே தெளிக்கிறோம், இது விரோதி இம்சை" என்பர். வேறு வழி இல்லாதவரை அவ்விடை நிற்கும். வழி உண்டாயின் அது நிற்குமோ?

இந்தோனேசிய நாட்டின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. அங்கு நெல்வயல்களில் மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியது. புகையானை உண்ணும் சிலந்தி முதலியவற்றையும் மருந்து கொன்றுவிட்டமையே காரணம். 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து, உழவர்க்கு வயலைக் கூர்ந்து நோக்கும் பயிற்சியை அளித்தது. அதனால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. பல பயிர்களைக் கலந்து நடுதல், வரப்பில் பூச்செடிகள் வளர்த்தல், பறவைக்கு இருக்கை அமைத்தல் ஆகியவற்றால் இயற்கையின் சமநிலை நிலைக்க இடந்தருவதே இக்கல்வி கூறும் வழி.

ஆறு மனிதரும் ஒரு மரமும்

இலேசியைகளை விளக்க நம் ஆன்றோர் கூறும் கதையை நம் சிறுவரும் அறிவர். பழமரத்தைக் கண்ட அறுவருள் ஒருவன் வேரோடு சாய்க்க எண்ணினான். மற்றொருவன் அடிமரத்தையும், இன்னொருவன் கிளையையும் வெட்ட எண்ணினர். ஒருவன் கொத்தைப் பறிக்கவும், ஒருவன் கனியை மட்டும் பறிக்கவும் விழைந்தனர். இறுதியானவன் உதிர்ந்த கனியே போதும் என்றான். அறுவர்க்கும் பசி ஒன்றே, மரமும் ஒன்றே. வேறுபட்டது கருத்து மட்டுமே.

நிலைபேறுடைய வேளாண்மை பல்லாண்டு வாழும் மரங்களுக்கு முதலிடம் தருவதன் பொருள் இங்கு விளங்கும். மா, பலா, தென்னை, முருங்கை, அகத்தி ஆகியன வேரறாமல் நின்று ஆண்டுதோறும் உணவளிக்கின்றன. கிழங்கு விலக்கி உண்ணும் நம் குடும்பங்களுக்கு இவ்வமைப்பு பெரிதும் பொருந்துவதாகும்.

கொள்வனவும் தள்ளுவனவும்

அயல்நாட்டு நூல்கள் கூறும் அனைத்தும் நமக்கு ஏற்புடையன அல்ல. கோழியும் வாத்தும் மீனும் அவர்தம் திட்டங்களில் இடம்பெறுகின்றன. அவற்றின் முடிவு பெரும்பாலும் கொலையே ஆதலின், நாம் அவற்றைத் தள்ளுவோம். பசுவைப் பேணுவோர் அது கறவை வற்றிய பின்னும் பேணும் உறுதி கொள்ளல் வேண்டும். நிலத்தை அமைக்கும் அறிவை மட்டும் நாம் கொள்வோம்.

பொய்யான நம்பிக்கையும் ஊட்டலாகாது. இரசாயன உரத்திற்குப் பழகிய நிலத்தில் தொடக்க ஆண்டுகளில் விளைச்சல் குறையக்கூடும், கைவேலை மிகும். ஆதலின் முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றாது, கால் ஏக்கரில் தொடங்குதல் நலம். நிலம் இல்லாத நகரத்துக் குடும்பங்கள் மாடியில் விழும் மழைநீரையும் அடுக்களைக் கழிவையும் கொண்டு தொடங்கலாம்.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழைநீர் அரித்துச் சென்ற செம்மண் மேடாகவே இருந்தது. வரப்பிட்டு நீரை நிறுத்தி, மரம் நட்டுக் காத்ததால் அம்மேட்டில் இன்று காடு நிற்கிறது. வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938-2013) கரூர் மாவட்டத்தில் கடவூர் அருகே 2009இல் நிறுவிய வானகமும் வறண்ட நிலத்திலேயே எழுந்தது. நம் ஊர்களுக்கு ஒத்த மண்ணிலும் மழையிலும் இவை இயன்றன.

உழவில் வருவாய் இல்லை என்றும், பாவம் உண்டு என்றும் கூறி நிலத்தை விற்று வெளியேறுவோர் நம்மிடையே பலர். விற்ற நிலத்தில் இம்சை நின்றுவிடுவதில்லை. கை மாறுகிறது, அவ்வளவே. அறிந்து உழுபவன் கையில் நிலம் இருத்தலே அந்நிலத்து உயிர்கட்கு நன்மை.

இல்லந்தோறும் சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் வீட்டுக் கூரையில் ஓராண்டில் எத்துணை லிட்டர் மழைநீர் விழுகிறது? கணக்கிடுக.
2. நம் நிலத்தில் செய்யப்படும் செயல்களுள் தவிர்க்க இயலாதன எவை? அறியாமையால் தவிர்க்கப்படாதன எவை?
3. அபயதானமாக விட்டுவைக்க நம் நிலத்தில் எந்த மூலை ஏற்றது?
4. இன்று நாம் நம் மண்ணை நாடிச் செல்லும் கருத்து, அறுவருள் எவனது கருத்து?

பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து இவற்றிற்கு விடை காண்பார்களாக.

அறம் வளர்க!