தூரத்து லொறி வாங்கப் போகும் தம்பிமாருக்கு

சீனக்குடாவில் பிரிமா மாவும் டோக்கியோ சீமெந்தும் ஏற்றிப் போகும் லொறிகளைப் பார்த்து, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசைப்படாத இளைஞர் திருகோணமலையில் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய லொறியின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் புதியது பலருக்கு எட்டாத விலைதான். அதனால் குருநாகல், கொழும்புப் பக்கத்து வாகனச் சேல்களில் நிற்கும் எல்ஃப், கென்டர் லொறிகளை ஃபோனில் பார்த்தே பேசி முடிக்கிறார்கள். அப்படி முடிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. படத்தைப் பார்த்து முற்பணம் போடாதீர்கள். “இன்னொரு ஆள் வந்து நிற்கிறார், இன்றைக்கே அனுப்புங்கள்” என்பார்கள். போனால் போகட்டும், வேறு லொறி வரும். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர்; பஸ் காசைப் பார்க்க வேண்டாம்.

2. உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருடைய நாட்கூலியையும் சாப்பாட்டையும் நீங்களே கொடுங்கள். விற்பவர் காட்டும் கராஜில் சோதிக்க வேண்டாம்.

3. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஸ்டார்ட் செய்ய முன் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? ரிங் தேய்ந்திருக்கக்கூடும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது.

4. லொறிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த கெபினில் எதுவும் தெரியாது. மீன் ஏற்றிய லொறியானால் உப்புத் தண்ணீர் வடிந்து சேசிஸை அரித்திருக்கும். புதிதாகக் கறுப்பு பூசியிருந்தால் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாகக் கேட்கும். பின் ஸ்பிரிங் பூட்டிய இடத்தில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸ் இலக்கத்தைச் சுற்றி அராவிய தடம் இருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வாருங்கள்.

5. மீட்டரை நம்பாதீர்கள். அதைத் திருப்ப முடியும். பிரேக் பெடலின் றப்பர், ஸ்டியரிங்கின் தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கங்கள் அதைச் செய்த காலத்தைச் சொல்லும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம்.

6. ஏற்றத்தில் ஓட்டுங்கள். வெறும் லொறி சமதரையில் நன்றாகத்தான் ஓடும். முடிந்தால் பாரத்தோடு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். கிளச் வழுக்குவதும் கியர் கழன்று விழுவதும் அங்கேதான் தெரியும்.

7. பதிவுச் சான்றிதழ் சரியாகாமல் காசு கொடுக்காதீர்கள். சேசிஸ், எஞ்சின் இலக்கங்களை இரும்பிலே வாசித்து ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் கையில் வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். பெயர் மாற்றாமலே கைமாறும் ஓப்பின் பேப்பரில் வாங்கவே கூடாது: எங்கோ விபத்து என்றால் பழைய உரிமையாளரைத் தேடி நீங்கள் அலைய வேண்டிவரும். வாங்கிய 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றுங்கள். காசு சான்றிதழில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

8. முழுப் பணத்தையும் லொறியில் போடாதீர்கள். ரயர், பெற்றரி, பிரேக் லைனிங் ஆகியவற்றுக்கு ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். காப்புறுதி எடுக்காமல் தெருவில் இறக்காதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை குறுக்கே வரும்; பழகாத லொறியைப் பகலிலேயே கொண்டுவாருங்கள்.

தம்பிமாரே, லொறி வாங்கும் காசு அநேகமாக அம்மாவின் நகையும் அண்ணாவின் வெளிநாட்டு உழைப்பும்தான். அதைக் கண்ணால் காணாத இரும்புக்குக் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.