நிற்கும் டிராக்டரில் பாட்டரி தீர்வது ஏன்?

சம்பா அறுவடை முடிந்தபின் கொட்டகையில் விடப்படும் டிராக்டர், குறுவை உழவு தொடங்கும் வரை பல வாரங்கள் அசையாமல் நிற்பது தஞ்சைத் தரணியில் இயல்பே. மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. காவிரி நீர் சுவாமிமலை வட்டாரத்து வாய்க்கால்களை எட்டும் வேளையில் சாவியைத் திருப்பினால், சில வண்டிகள் கிளம்புவதில்லை. சேற்றுழவு தள்ளிப் போனால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். அவசரத்தில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பாட்டரி வாங்குகிறோம். குறை வண்டியில் இருந்தால் அதுவும் சில நாட்களில் தீர்ந்துவிடும். ஆகவே, குறை பாட்டரியிலா, வண்டியிலா என்று முதலில் பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதற் சோதனை எளிது. பாட்டரியின் மேற்புறத்தைத் துடைத்துச் சுத்தம் செய்க. அமில ஈரமும் தூசியும் சேர்ந்தால் அதன் வழியாகவே மின்சாரம் கசியும். பின்பு முழுவதும் சார்ஜ் செய்து, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்து, சில மணி நேரம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். நல்ல 12 வோல்ட் பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். மூன்று நாள் கழித்து மீண்டும் அளந்தால் பெரிதும் குறைந்திருக்கலாகாது. குறைந்திருந்தால் பாட்டரியே பழுது. கழற்றிய நிலையில் நிலைத்து நின்று, பூட்டியபின் மட்டும் இறங்கினால் கசிவு வண்டியில்தான் உள்ளது.

இரண்டாம் சோதனைக்கு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கழற்றிய நெகட்டிவ் கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே இணைக்க வேண்டும். விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். சாவி வெளியே இருக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கையில் வண்டியைக் கிளப்ப முயன்றால் மீட்டரின் பியூஸ் எரிந்துவிடும். மின்னணுக் கருவி இல்லாத பழைய டிராக்டரில் ஏறத்தாழ ஒன்றுமே ஓடலாகாது. இக்காலக் கார், ஜீப்புகளில் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம். மறந்து எரியவிட்ட 5 வாட் விளக்கொன்று 400 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு நாளில் இது 10 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியர்-மணிப் பாட்டரி எட்டே நாளில் வற்றிவிடும்.

வயலில் நீர் நிற்காவிடில் வரப்பில் நண்டு வளையைத் தேடுகிறோம் அன்றோ? இங்கும் அவ்வாறே. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைக் கவனிக்க வேண்டும். எதைக் கழற்றியதும் அளவு சட்டென இறங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. எதிலும் இறங்காவிடில், பாட்டரியில் நேராகப் பூட்டிய கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி ஆகியவற்றையும், ஆல்டர்னேட்டரையும் ஐயுற வேண்டும். ஆல்டர்னேட்டரின் டையோடு பழுதானால் மின்சாரம் பின்னோக்கி ஓடும். அதன் தடித்த கம்பியை, பாட்டரி இணைப்பை நீக்கிய பின்பே கழற்றி, முனையை ரப்பர் கொண்டு மூடி, மீண்டும் அளந்து பார்க்கலாம்.

வண்டி நெடுநாள் நிற்குமாயின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைப்பதே சிறந்த காப்பு. கழற்றும்போது அது முதலில். பூட்டும்போது அது கடைசியில். மாதம் ஒருமுறை சார்ஜ் செய்க. வற்றிய நிலையில் விட்டால் ஈயத் தகடுகளில் படிகம் இறுகி, பாட்டரி தன் கொள்ளளவை இழக்கும். குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. கிணற்று நீர் ஆகாது. சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது.

குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் வைத்திருக்கும் ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை ஊராட்சி வாங்கி வைத்து, குடியானவர்களுக்கும் பயன்படச் செய்யலாம். வாய்க்காலில் நீர் வருமுன், சித்திரையிலேயே இச்சோதனையை முடித்துக்கொள்வோமாக.