சான்பாடா மழைக்குத் தாங்கும் ஒயர் கட்டு

ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் முன்விளக்கு அணையும், நேராக்கினால் எரியும். மழை தொடங்கிய முதல் வாரம், விடிவதற்கு முன் நவி மும்பையில், சான்பாடா பக்கம் பாம் பீச் சாலையில் போகும்போது என் சைக்கிளில் இப்படி ஆனது. வீட்டுக்கு வந்து ஒயரைச் சீவிப் பார்த்தேன். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு பச்சை பிடித்து, நாலைந்து இழைதான் மிச்சம். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் ஒயர் தெரியக்கூடாது என்று விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இழை இழையாக அறுந்திருக்கிறது.

அதனால் எதை வைத்துக் கட்டுவது என்பதற்கு முன், எந்த வழியாகக் கொண்டுபோவது என்று முடிவு செய்யுங்கள். பிரேக் கேபிள் போகும் தடமே நல்ல தடம். கண் ஏற்கெனவே அதற்குப் பழகிவிட்டதால் பக்கத்தில் ஓடும் கறுப்பு ஒயர் தனியாகத் தெரியாது. குழாயின் அடிப்பக்கமாக ஓட்டினால் இன்னும் நல்லது. கழுத்தில் மட்டும் தாராளமாக ஒரு வளைவு விடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் ஒயர் இழுபடக்கூடாது.

பழைய டைனமோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 6 வோல்ட், 3 வாட் டைனமோவில் விளக்குக்கு ஒற்றை ஒயர்தான் போகும், ஃப்ரேமே இன்னொரு ஒயராக வேலை செய்யும். தானே கிரீக்கின் உப்புக்காற்றில் திருகுக்கு அடியில் துரு ஏறினால் விளக்கு மங்கிவிடும். இரட்டை ஒயராக மாற்றிவிடுவது உத்தமம்.

கட்டும் பொருளில், எல்லாருடைய கையும் முதலில் இன்சுலேஷன் டேப்புக்குத்தான் போகும். ஃப்ரேமில் அதைச் சுற்றாதீர்கள். மே மாத வெயிலில் பசை இளகி நழுவும், புழுதி அப்பும், ஜூனில் உள்ளே தண்ணீர் தங்கும். வெல்க்ரோ பட்டை, அடிக்கடி கழற்றும் விளக்குக்கு மட்டும் சரி.

என் தேர்வு கேபிள் டை, அதிலும் கறுப்பு. வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும். அடியில் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தால் பெயின்ட் உரியாது, டையும் நகராது. ஒரு சாணுக்கு ஒன்று போதும். ஒயர் நசுங்கும்வரை இறுக்க வேண்டாம். வால் நுனியைக் கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் முனை பிளேடு மாதிரி கெண்டைக்காலைக் கிழிக்கும். நகவெட்டியால் ஒட்ட நறுக்குங்கள்.

மோட்டார் கிட் போட்ட சைக்கிளில் கதை வேறு. 250 வாட் ஹப் மோட்டாருக்கு, பேட்டரிக்கு, பிரேக்குக்கு, த்ராட்டிலுக்கு என்று ஒயர்கள் கூட்டமாக ஓடும். தனித்தனியாகக் கட்டினால் சிலந்தி வலைதான். எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பைரல் ஸ்லீவில் சுற்றுங்கள். எந்த இடத்திலும் ஒரு ஒயரை மட்டும் வெளியே பிரித்துவிடலாம், பழுது பார்க்கும்போது முழுசாக உரிக்க வேண்டியதில்லை. மோட்டார் ஒயர் அச்சிலிருந்து வெளிவரும் இடத்தில் அச்சைவிடத் தாழ்வாக ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றுங்கள். மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் சால்டர் வைத்த இணைப்புக்கு மட்டும். உள்ளே பசை பூசிய வகையைக் கேட்டு வாங்குங்கள், சால்டர் வைக்கும் முன்பே ஒயரில் மாட்டிவிடுங்கள். கனெக்டருக்கு, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றினால் தண்ணீர் புகாது. இந்தச் சாமானெல்லாம் அக்கம்பக்கத்தில் கிடைக்காவிட்டால் ஹார்பர் லைன் ரயிலில் சிஎஸ்எம்டி போய் இறங்கி, மின்சாமான் கடைகள் இருக்கும் லோஹார் சாலுக்கு நடந்துவிடலாம்.

ஃப்ரேமுக்குள் ஒளிப்பது பார்க்க மிக அழகு. கம்பெனியே துளை விட்டிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். முதலில் ஒரு நூலை உள்ளே விட்டு, அதில் ஒயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். துளை இல்லாத ஃப்ரேமில் டிரில் போடவே கூடாது. குழாயின் பலம் அந்த இடத்தில் குறையும், விரிசல் அங்கிருந்து தொடங்கும். உங்கள் எடையைத் தாங்கும் குழாய் அது.

கட்டி முடித்ததும் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக்கூடாது. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு மக்கு தண்ணீரை ஹேண்டிலில் இருந்து மெதுவாக ஊற்றுங்கள். தாழ்ந்த வளைவுகளிலிருந்து சொட்டினால் சரி. கனெக்டரிலிருந்து சொட்டினால், அந்த இடத்து டையை மட்டும் வெட்டி, கனெக்டரின் வாய் கீழே பார்க்கும்படி மறுபடி கட்டுங்கள்.