கோடை மழைக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் நடுவே

தழைச்சத்து வீணாகிறது என்றால் காவிரி டெல்டாவில் எல்லோருக்கும் யூரியா தூவும் நாள்தான் ஞாபகம் வரும். அதற்கு வெகு முன்பே, வயலில் பயிரே இல்லாத நாட்களில், ஒரு பெரிய இழப்புக்கு வழி திறந்துவிடுகிறது.

சம்பா அறுத்து, உளுந்தும் பிடுங்கிய பிறகு சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடக்கும். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தாளையும் வேரையும் பழைய எருவையும் மட்கச் செய்கின்றன. அதில் வெளிவரும் தழைச்சத்து காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறிச் சேரும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது, மணற்பாங்கான வயலில் அது வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். களிமண்ணில் காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கிப் பறக்கவிடும். ஆட்டுக்கிடை போட்ட வயலில் இன்னும் அதிகம் போகும். கிடைக்குக் கொடுத்த காசும் அதோடு போகிறது.

இதைப் புரிந்துகொண்டதிலிருந்து கோடை மழை ஈரத்தில் நான் நிலத்தை வெறுமையாக விடுவதில்லை. பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைக்கிறேன். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, ஓர் உழவுக்குப் பின் தூவினால் போதும். பயறுவகைச் செடி காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும் என்று மட்டுமே சொல்லிக் கேட்டிருப்போம். மண்ணில் நைட்ரேட் இருந்தால் அது முதலில் அதைத்தான் உறிஞ்சும். ஆற்றோடு போகவேண்டியதை இலையிலும் தண்டிலும் பூட்டி வைத்திருக்கும் கிடங்கு அது. கிடை போட்ட வயலில் தக்கைப்பூண்டோடு கம்பும் சோளமும் கலப்பேன். புல்வகை வேர் நைட்ரேட்டை இன்னும் வேகமாக இழுக்கும். பலதானிய விதைப்பு செய்கிறவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது.

மடக்கி உழுவதில்தான் எல்லாமே இருக்கிறது. பூ எடுக்கும் தருணம், அதாவது சுமார் 45 நாள், சரியான பருவம். அதைத் தாண்டினால் தண்டு நாராகி மட்க மறுக்கும். காய்ந்த நிலத்தில் உழுதுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கவே கூடாது. செடி மட்கி, மறுபடியும் நைட்ரேட்டாகி, பாடுபட்டுப் பிடித்தது தண்ணீர் வந்ததும் போய்விடும். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின், வயலில் நீர் நிறுத்தி, சேற்றிலேயே மடக்கி மிதித்து, ஒரு வாரம் பத்து நாளில் நட்டுவிட வேண்டும். நீருக்கடியில் மட்கும் தழைச்சத்து அம்மோனியமாக நிற்கும். களிமண் அதை விடாது. முறைத் தண்ணீர் தாமதமாகும் ஆண்டில், முற்றினாலும் பரவாயில்லை என்று செடியை நிற்கவிடுவேன். நாராகிப்போன தண்டுக்காக ஒரு சால் கூடுதலாக உழுதுகொள்ளலாம்.

பசுந்தாள் மடக்கிய வயலுக்கும் பழைய கணக்கிலேயே யூரியா போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது ஆறாது. பயிர் கறுத்துப்போய் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதம் தழைச்சத்து, கிட்டத்தட்ட 21 கிலோ; பசுந்தாள் தந்ததற்கு மேல் ஒவ்வொரு மூட்டைக்கும் அவ்வளவு சேர்கிறது. அடியுரமாக யூரியா போடாமல், நட்ட பதினாலாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் மேலுரம் போடுங்கள்.

இதில் உண்மையான இடைஞ்சல் கோடையில் அவிழ்த்துவிடும் ஆடுமாடுகள்தான். ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர் மாடெல்லாம் அங்கேதான் நிற்கும். பக்கத்து வயல்காரர்களோடு பேசிச் சேர்ந்து விதைப்பது நல்லது. அது நடக்காத இடத்தில் கொழிஞ்சி போடலாம், மாடு வாய் வைக்காது. கொழிஞ்சி வறட்சி தாங்கும், நீர் தேங்கினால் தாங்காது, அதனால் மேட்டு வயலுக்கே ஏற்றது. பள்ளத்துக்கும் களர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டுதான். விதைக்காக ஒவ்வோர் ஆண்டும் அலையாமல், வரப்போரம் ஒரு வரிசையை மடக்காமல் விட்டு நெற்று எடுத்துக்கொள்கிறேன்.