டயரின் 'சைடு' வீங்கினால்: கார் வைத்திருப்போருக்கு 13 குறிப்புகள்

ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலை 2010இல் ஓடத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயரும் சியட்டும் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ. டயரும் காரும் செய்கிற இந்த வட்டாரத்தில் வாழ்ந்துகொண்டே, சொந்தக் காரின் டயரில் தரையைத் தொடும் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். பட்டன் தேய மாதக்கணக்கு ஆகும். ரிம்முக்கும் பட்டனுக்கும் நடுவில் நிற்கும் பக்கச்சுவர், பஞ்சர் கடை மொழியில் 'சைடு', ஒரே குழியில் போய்விடும். அது போனால் ஒட்டிச் சரிசெய்ய வழியே இல்லை. அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

1. வாரம் ஒருமுறை, வண்டியைக் கழுவும்போது, நான்கு டயர்களின் சைடையும் உள்ளங்கையால் வட்டமாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தெரியும். எலுமிச்சை அளவிலோ அரை முட்டை அளவிலோ வெளியே தள்ளிய புடைப்பு தட்டுப்பட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்தது. கார் டயரில் எஃகுக் கம்பிப் பட்டை பட்டனுக்கு அடியில் மட்டுமே உண்டு. சைடில் இருப்பது பாலியெஸ்டர் போன்ற இழைகளும் அவற்றை மூடிய ரப்பரும்தான். குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் சைடு நசுங்கும்போது உள்ளே இழைகள் அறுந்துவிடுகின்றன. ரப்பர் அறுவதில்லை, அதனால் காற்றும் இறங்காது. தாங்க இழையில்லாத இடத்தில் காற்று ரப்பரை மட்டும் வெளியே தள்ளுகிறது, பலூன் போல. அடி இன்று பட்டு, வீக்கம் பல நாள் கழித்துத் தெரிவதும் உண்டு.

2. உள்பக்கமாக லேசாகப் பள்ளம் விழுந்த கோடு தெரிந்தால் பதற வேண்டாம். டயர் கட்டும்போது இழைத்தாளின் இரு முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒட்டுவார்கள். அந்த இடத்தில் இழை இரட்டிப்பாக இருப்பதால், காற்றடித்தால் அது மட்டும் குறைவாக விரியும். உள்வாங்கினால் பலம் கூடிய இடம், வெளியே தள்ளினால் பலம் போன இடம் என்று நினைவில் வையுங்கள். ரேடியல் டயர் தரையில் படும் இடத்தில் கொஞ்சம் தொப்பை போட்டு நிற்பதும் இயல்பே. அது நான்கு டயரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

3. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் போதாது. இன்ஜினைப் பார்த்த உள்பக்கத்திலும் புடைப்பு வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. முன்சக்கரங்களுக்கு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கரங்களுக்கு, சர்வீஸில் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று நீங்களே பார்ப்பதுதான் சரி. கேட்டால் அனுமதிப்பார்கள்.

4. காற்று குறைந்த டயர்தான் சைடுக்கு முதல் எதிரி. 80 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சைடு மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகும், சூடு ஏறும், இழையிலிருந்து ரப்பர் விட்டுப் பிரியும். மே மாத வெயிலில், ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டியில், இது இன்னும் வேகமாக நடக்கும்.

எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் பல வண்டிகளில் தனியாகக் குறித்திருக்கும். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து அடிக்கச் சொல்லாதீர்கள். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே குறையும். காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளப்பதுதான் கணக்கு. 20 கி.மீ. ஓட்டிப்போய் பங்க்கில் அளந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடக் காட்டும். கூடுதல் என்று நினைத்து இறக்கிவிட்டால் ஆறிய பிறகு குறைந்துபோகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க கேஜ் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

5. காற்றில்லாமல் சிறிது தூரம் உருட்டிய டயரைப் பஞ்சர் போடும்போது, கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சைடின் உள்பக்கம் ரப்பர் துருவல் போலப் பொடி உதிர்ந்திருந்தாலோ, சுற்றிலும் கருவளையம் தேய்ந்திருந்தாலோ, ஆணி குத்திய துளை பட்டனில்தான் என்றாலும் டயர் வீண். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும். இதில் ஏமாறுபவர்களே அதிகம்.

6. சைடில் ஆணி ஏறினால் திரிப் பஞ்சரும் வேண்டாம், காளான் பஞ்சரும் வேண்டாம். இவையெல்லாம் பட்டனின் நடுப்பகுதியில், சுமார் 6 மி.மீ.க்கு உட்பட்ட துளைக்கு மட்டும். சைடு ஓயாமல் மடங்குவதால் ஒட்டு அங்கே நிற்காது.

எங்கள் வண்டியில் சைடு வெட்டுப்பட்டபோது, வழியில் இருந்த ஒரு கடையில் "டியூப் போட்டுத் தரேன்க்கா, ஆறு மாசம் ஓடும்" என்றார் கடைக்காரர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் செலவைக் குறைக்கத்தான் பார்த்தார். ஆனால் டியூப் காற்றைத்தான் பிடித்து வைக்கும். அறுந்த இழையின் வேலையை அது செய்யாது. "வேணாம்ண்ணா, ஸ்டெப்னியை மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் புது டயர் வாங்கினோம்.

7. உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். 2020இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்தக் கிட்டில் உள்ள பசை பட்டனில் விழுந்த சிறு துளையை அடைக்கும். சைடு கிழிசலுக்கு உதவாது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் நீண்ட பயணம் போகிறவர்கள், இழுவை வண்டியின் எண்ணைக் கையோடு வைத்திருப்பது அவசியம். ஸ்டெப்னி உள்ளவர்கள் அதற்கும் காற்றடிக்க மறக்க வேண்டாம். மெல்லிய ஸ்டெப்னியில் எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும்.

8. குழியைத் தவிர்க்க முடியாதபோது, அதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, குழிக்குள் இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கை அழுத்தியபடி இறங்கினால் வண்டியின் எடை முன்னே சாய்ந்து, முன் டயரின் சைடில் முழு அடியும் விழும். நம் நெடுஞ்சாலைகளின் குழிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரவாயல் – வாலாஜா இடையே சாலை மோசமாகக் கிடந்ததால், சீராகும் வரை சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2020 டிசம்பரில் உத்தரவிட நேர்ந்தது. சுங்கம் கட்டுகிறவர்களுக்கு டயர் உடையாத சாலை கிடைக்க வேண்டும் என்பது அதிகப்படியான ஆசை அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியும் சாலையும் ஒரே மட்டமாகத் தண்ணீரில் மூடிக் கிடக்கும். அப்போது முன்னால் போகும் வண்டி எங்கே குலுங்குகிறது என்று பார்த்து, இடைவெளி விட்டு, மெதுவாகப் போங்கள். கன்டெய்னர் லாரியை ஒட்டிப் போனால் அதன் அடியிலிருந்து வரும் குழி கண்ணில் படுவதற்குள் டயரில் பட்டுவிடும்.

9. பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சாய்வாக உரசாமல், நேராக, நடை வேகத்தில் ஏற்றுங்கள். பாதி டயர் மேலேயும் பாதி அந்தரத்திலும் நிற்கும்படி இரவு முழுக்க விடக் கூடாது.

10. வயதைப் படியுங்கள். சைடில் DOT எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2423 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்தது. அது உள்பக்கச் சைடில் மட்டும் இருக்கவும் கூடும். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். அதிகம் ஓடாமல் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் காரில், பட்டன் அப்படியே இருக்க, சைடில் மட்டும் முடி போன்ற வெடிப்புகள் வரும். ரப்பரில் கலந்துள்ள மெழுகு போன்ற காப்புப் பொருள்கள் டயர் உருளும்போது நன்றாக மேலே கசிந்து காக்கும். நின்ற வண்டிக்கு அந்தக் காப்பு குறைவு. இலேசான பழுப்பு நிறம் படிந்தால் அது இந்தக் காப்புப் பூச்சுதான், அழுக்கு அல்ல. பளபளப்புக்காகப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பாலீஷ் தடவி அதை அழிக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

11. பெரிய அலாய் வீல் அழகுதான். ஆனால் கணக்குப் பாருங்கள். 185/65 R15 டயரின் சைடு உயரம் 185இல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. அதே காருக்கு 205/45 R17 மாட்டினால் 92 மி.மீ. குழியில் அடி வாங்க ஓர் அங்குலத்துக்கும் மேல் குறைந்துபோகிறது. இந்த அளவை அடுத்துக் கடைசியில் வரும் எண்ணையும் கவனியுங்கள்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். நிறுவனம் கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது.

12. ஓடும்போது டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அழுத்த வேண்டாம். ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலெடுத்து, வேகம் தணிந்த பிறகு இடப்பக்கம் ஒதுங்குங்கள். நான்கு விளக்கும் மின்னட்டும். குடும்பத்தாரைச் சாலையை விட்டு விலகி நிற்க வைத்துவிட்டுத்தான் ஜாக்கியை எடுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

13. புது டயர் வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். குழி அடித்து வந்த வீக்கத்தைச் சாதாரண வாரன்டி ஏற்பதில்லை. சில நிறுவனங்கள் சில டயர்களுக்கு அதையும் ஏற்கின்றன. வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றிய வீங்கிய டயரைக் கடையில் அப்படியே விட்டு வந்தால், காற்றிறங்கிய நிலையில் வீக்கம் தெரியாது. பழைய டயராக யாரோ ஒருவர் விலை கொடுத்து வாங்கிப் போகக் கூடும். உங்கள் கண் முன்னே சைடில் இரண்டு இடத்தில் கத்தியால் ஆழமாகக் கீறச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மொட்டை மாடியில் போடாதீர்கள். மழைநீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது. அடியில் நாலைந்து துளை போட்டு, மண் நிரப்பி, புதினா நட்டுவிடலாம்.