சாப்பிட்டும் தேறாத பிள்ளை

“கோப்பை நிறையச் சோறு தின்கிறான். ஆனால் ஒன்றும் உடம்பில் ஒட்டுதில்லை.” இடம்பெயர்ந்து வாழும் தாய்மார் பலர் சொல்லும் குறை இது. சிலர் கண்ணூறு என்று நூல் கட்டுகிறார்கள். சிலர் கடன்பட்டு விலை கூடிய சத்துமா வாங்குகிறார்கள். அதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியும் பயிர் வாடினால் நாம் என்ன செய்வோம்? இன்னும் தண்ணீர் விடமாட்டோம். வரம்பைச் சுற்றி நடந்து நண்டுப் பொந்தைத் தேடுவோம். பிள்ளையின் உடம்பிலும் அப்படித்தான் தேடவேண்டும்.

1. முதலில் நிறுத்துப் பாருங்கள்

மெலிந்த பிள்ளையெல்லாம் நோயாளியல்ல. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கிளினிக்கில் நிறுத்து, சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி இடுவார்கள். அந்தப் புள்ளிகளைத் தொடுக்கும் கோடு, அட்டையிலுள்ள வளைகோட்டை ஒட்டி மேலே ஏறினால் பயம் வேண்டாம். கோடு படுத்தாலோ கீழே இறங்கினாலோ காரணம் தேடவேண்டும். இடம்பெயர்வில் பதிவேடு தொலைந்திருந்தால், இப்போது இருக்கும் பகுதியின் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லிப் புதியது கேளுங்கள். வெளியூர் ஆட்கள் என்று ஒதுங்கி நிற்கவேண்டாம்.

2. கோப்பையில் என்ன இருக்கிறது?

சின்னப் பிள்ளையின் வயிறு சிறியது. தண்ணீர்க் கஞ்சியும் வெறும் சோறும் வயிற்றை நிரப்பும், நிறையைக் கூட்டாது. எண்ணெயில், அதே நிறையுள்ள மாவிலும் பார்க்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி உண்டு. ஆகவே சோற்றில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது முதற்பால் விடுங்கள். பருப்பு, பயறு, கௌபி, நெத்தலி, முட்டை இவற்றில் கிடைப்பதை ஒவ்வொரு வேளையும் சேருங்கள். மூன்று வேளையோடு நிறுத்தாமல் இடையில் இரண்டு முறை சிறிது கொடுங்கள். கிளினிக்கில் பிள்ளைக்கென்று திரிபோஷ தந்தால் அதை வீட்டார் எல்லோரும் பங்கிடாதீர்கள்.

3. பங்கு கேட்கும் புழு

உணவு நல்லதாயிருந்தும் பிள்ளை தேறவில்லையென்றால் குடற்புழுவை நினைக்கவேண்டும். புழு உள்ள பிள்ளைகள் பலருக்குப் பசி குறையும். சிலரோ தின்றுகொண்டே மெலிவார்கள்.

வட்டப்புழு 15 முதல் 35 சென்ரிமீற்றர் வரை வளரும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200,000 முட்டை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வரும். பின்னர் கையோடும் கீரையோடும் வாய்க்குள் போகும். கொழுக்கிப்புழு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஆனால் அது வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறிக் குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். பிள்ளை வெளிறிக் களைத்துப் போகும்.

வயற்காட்டில் கவனிக்கவேண்டியது கொழுக்கிப்புழு. நெருக்கமான நகரத்தில் வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும். கொழும்பு 13இல் உள்ள ஜிந்துப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கங்களைப் போல இங்கும் அறை எடுத்துத் தங்கின. இங்கே ‘தோட்டம்’ என்றால் பயிர் செய்யும் தோட்டம் அல்ல. ஒரு முடுக்கின் இருபக்கமும் நெருங்கி நிற்கும் வீடுகள். ஒரு குழாயையும் ஒரு மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பங்கிடும் தோட்டங்கள் உண்டு. மழைக்குக் கான் நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கே வரும். அங்கே ஒரு வீடு மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை.

4. மலைநாட்டிலிருந்து ஒரு பாடம்

1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கையின் பெருந்தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் லயன்களில் மலசலகூடம் போதவில்லை. மருந்து குடித்த கால் மீண்டும் அதே மண்ணை மிதித்தது. புழு மீண்டும் ஏறியது. மருந்து குடலைத்தான் துப்புரவாக்கும். மண்ணைத் துப்புரவாக்குவது நமது வேலை.

5. நாம் செய்யக்கூடியவை

• கிளினிக்கில் கேட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்கும் தாமாகக் கொடுக்கவேண்டாம்.
• வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.
• மலம் கழித்த பின்னும் சாப்பிட முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நகம் வெட்டுங்கள்.
• கைப்பிள்ளையின் மலத்தையும் மலசலகூடத்திலேயே கொட்டுங்கள்.
• வெளியே போகும்போது செருப்பு. வயலில் இறங்குமுன் அந்த மண்ணில் யாரும் மலம் கழிக்காதபடி பாருங்கள்.
• கீரையைப் பல தண்ணீரில் அலசிச் சமையுங்கள். மலக்குழிக் கழிவைப் பச்சையாகப் பாத்திக்குப் போடாதீர்கள். வட்டப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.
• பொது மலசலகூடத்துக்கு முறைவைத்துத் துப்புரவு செய்யுங்கள். கான் அடைத்தால் எல்லோரும் சேர்ந்து மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ எழுதுங்கள்.

6. உடனே வைத்தியரிடம்

பூச்சி மருந்தால் தீராத நோய்களும் உண்டு. தாகம் கூடி, அடிக்கடி சிறுநீர் கழித்து, நன்றாகத் தின்றும் மெலியும் பிள்ளைக்கு நீரிழிவு இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் காய்ச்சலும் இருந்தால் சயரோகத்துக்குச் சோதிக்கவேண்டும். வளர்ந்தவருக்குக் கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கழுத்து வீக்கம் இருந்தால் தைரொயிட் கோளாறாயிருக்கலாம். மலத்தில் இரத்தம், ஓயாத வயிற்றோட்டம், கால் வீக்கம் எதையும் வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டாம்.

கூடிப் பேசுவோம்

1. நமது பிள்ளைகளை கடைசியாக எப்போது நிறுத்தோம்? கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா?
2. நமது முகாமில், முடுக்கில், ஊரில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம்? அதைத் துப்புரவு செய்வது யார்?
3. அடுத்த கிளினிக் நாள் எது? போக முடியாத தாயின் பிள்ளையை யார் கூட்டிப்போவது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரை எழுதிய பிறகே கூட்டத்தை முடியுங்கள்.