காட்ஸ் கட்டுக்குள் ஓர் ஊர்

கேள்வி: நாங்கள் நாலு பேர் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறோம். வேறு ஒன்றைத் தொடுவோம் என்றால் நண்பர்கள் அசைகிறார்கள் இல்லை. எதில் தொடங்கலாம்?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: 1974 முதல் கோலோச்சும் பாத்திரமேற்று விளையாட்டு அது. அதன் விதிகளோடு மல்லுக்கட்டியவர்கள் இன்னொரு தடித்த புத்தகத்தைக் கண்டால் பின்வாங்கத்தான் செய்வார்கள். ஆகவே சிறியதாக எடுங்கள். என் தெரிவு, ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட 'தி குவயட் இயர்'. 304 விளையாடும் காட்ஸ் கட்டே போதும். ஒதுக்கிவைத்த இரண்டு முதல் ஆறு வரையானவற்றையும் திரும்பச் சேர்த்துவிடுங்கள். 52 காட்ஸ், 52 வாரம். கூட ஒரு வெள்ளைத்தாள், சில பகடைகள். கதை நடத்துநர் கிடையாது. சண்டை ஓய்ந்து எழும்பும் ஓர் ஊரை எல்லோரும் சேர்ந்து வரைகிறீர்கள்: கிணறு எங்கே, எதை முதலில் கட்டுவது? உங்களைக் கேளாமல் ஒன்று நடந்தால் வாதாட முடியாது. மனக்கசப்பின் அடையாளமாக ஒரு வில்லையை முன்னால் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். மீள்குடியேறிய ஊரவருக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை. யாருக்காவது சண்டைக்கால நினைவுகள் பாரமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பழையதைக் கைவிடச் சொல்லாதீர்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மட்டும் கேளுங்கள்; நாலு மணித்தியாலத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.